பாளை செக்குக் கடை: எண்ணெய் வாங்குங்க, நூடுல்ஸ் வேண்டாம்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்துல ஒரு மரச்செக்குக் கடை இருக்குல்லா, முன்னால எண்ணெய் டின்னு, உள்ள செக்கு, ஓரத்துல அரிசி பருப்பு கருப்பட்டின்னு ரெண்டு ரேக்கு. கொஞ்ச காலமா எங்க வீட்டுக்கு அங்கனதான் வாங்குதோம். இயற்கைன்னு போர்டு போட்டாலே வெல டபுளாச்சே, நம்பி வாங்கலாமான்னு சொந்தக்காரங்க ஆளாளுக்குக் கேக்கதுனால எழுதுதேன். வாங்கலாம், ஆனா எல்லாத்தையும் இல்ல.

எண்ணெய்தான் இங்க விசேஷம். செக்கு கண்ணு முன்னால ஓடுது, உள்ள போய் நின்னு பாத்தா யாரும் ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க. நான் போயிருந்தப்ப எள்ளு ஆட்டிக்கிட்டிருந்தாங்க, எள்ளு நசுங்கி பசையா திரண்டு வரும்போது அண்ணாச்சி கருப்பட்டிய தட்டி உள்ள போட்டாரு, போட்ட கொஞ்ச நேரத்துல புண்ணாக்கு ஒரு பக்கமா இறுகி எண்ணெய் தனியா ஊறி வர ஆரம்பிச்சிட்டு, வாசன தெருமுக்கு வரைக்கும். கருப்பட்டி போட்டா எண்ணெய் நல்லா பிரியும், எள்ளோட கசப்பும் அடங்கும். பக்கத்துல நின்ன ஆச்சி ஒருத்தங்க அதுலயே ஒரு லிட்டர் ஊத்துய்யான்னு தூக்குச்சட்டிய நீட்டுனாங்க, "மண்டி தெளியணும் ஆச்சி, வெயில்ல வச்சு எடுத்துத் தாரேன், நாளன்னைக்கு வாங்க"ன்னு அனுப்பிட்டாரு. எனக்கு அங்கனயே நம்பிக்கை வந்துட்டு.

வெல கூடத்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு லிட்டர் கடல எண்ணெய்க்கு சுமாரா ரெண்டரை கிலோ நிலக்கடலப்பருப்பு வேணும், அன்னைக்கு மார்க்கெட் வெலய வச்சு நீங்களே பெருக்கிப் பாருங்க. புண்ணாக்கு வித்த காச கழிச்சாக்கூட அதவிட ரொம்ப கம்மிக்கு மரச்செக்குன்னு ஒருத்தன் தாரான்னா அதுல என்ன இருக்குன்னு அவனுக்குத்தான் தெரியும்.

கருப்பட்டி ஒடங்குடிப் பக்கத்துலருந்து வருது, சிரட்டையில ஊத்துன அச்சு அப்படியே இருக்கும். ஒடச்சுக் காட்டச் சொன்னா காட்டுதாரு, உள்ள சீனிப்பரல் மாதிரி மினுமினுப்பு ஒண்ணுமில்ல. மழக்காலத்துல கசியும், அதுக்காகத் தூரப் போட்றாதீங்க. இன்னொண்ணு, எங்க பக்கத்து வீட்டு மாமா சுகர் மாத்திரைய போட்டுக்கிட்டே கருப்பட்டிக் காப்பி டம்ளர் டம்ளரா குடிக்காரு, கேட்டா இயற்கைதானலேங்காரு. இயற்கைதான் மாமா, ஆனா அதுலயும் பெரும்பங்கு சர்க்கரதான.

தொலி உளுந்து அருமை. ஞாயித்துக்கெழம உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும் வச்சா கூட வேற கறி தேடாது. அரிசியில கவுனி, கருங்குறுவைல்லாம் இருக்கு, வெலயக் கேட்டா தல சுத்தும். நான் எடுக்கது பாலிஷ் போடாத அம்பை 16. அம்பாசமுத்திரம் ஆராய்ச்சிப் பண்ணையில உண்டாக்கி 1986ல விட்ட ரகம், பாரம்பரியம் இல்லன்னு சில பேரு மூஞ்சிய சுளிக்காங்க, சவத்த விடுங்க, தவிட்ட எடுக்காம இருந்தா அதுவே போதும், தெனமும் திங்கதுக்குக் கட்டுப்படியாகணும்லா. தவிட்டுல எண்ணெய்ச்சத்து இருக்கதுனால ரொம்ப நாள் வச்சா காறல் வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் விழும், அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் வாங்கணும்.

இனி வாங்கக்கூடாதது. கல்லாப்பக்கத்துல ஒரு ரேக்குல சிறுதானிய நூடுல்ஸ், பிஸ்கட், சத்துமாவு மிக்ஸுன்னு அடுக்கியிருக்காங்க, எல்லாம் வெளி கம்பெனி சரக்கு, மண்கலர் கவர்ல ஏர் ஓட்டுத படம் வேற. கவர திருப்பி பொடி எழுத்தப் பாருங்க, எது கூடுதலா இருக்கோ அத மொதல்ல போடணும்ங்கது ரூலு. நான் எடுத்த நூடுல்ஸ்ல மொதல்ல இருந்தது கோதும மாவு, குதிரவாலி எங்கயோ நடுவுல ஒளிஞ்சு கெடக்கு. குதிரவாலி வேணும்னா அதே கடையில மூட்டையில அரிசியா இருக்கு, அத அள்ளி வாங்கி சோறாக்கி மோரு ஊத்திச் சாப்பிடுங்க, காசும் மிச்சம். அண்ணாச்சிட்டயே கேட்டேன், "பிள்ளேள் கேக்குன்னு வாங்குதாவ, அதான் வச்சிருக்கேன்"னாரு. மழுப்பாம சொல்லுததும் நல்லதுதான்.

தேனு, நெய்யி ரெண்டுக்கும் எங்கருந்து வருதுன்னு கேட்டா சரியா பதில் இல்ல, அதனால நான் எடுக்கல. சந்துக்குள்ள பைக் நிறுத்த எடம் கெடையாது, மார்க்கெட் முன்னாலயே விட்டுட்டு நடந்துருங்க. எண்ணெய்க்குப் பாத்திரம் கொண்டுபோனா பாட்டில் காச கொறச்சுக்கிடுதாரு, எவர்சில்வர் தூக்கு நல்லது, ஈரம் மட்டும் இல்லாம தொடச்சுக் கொண்டுபோங்க.