யமானே சூத்திரமா, காக்ரன் சூத்திரமா?

ஆய்வேட்டில் சாம்பிள் சைஸ், அதாவது மொத்தப் பேரில் எத்தனை பேரிடம் விசாரிப்பது, என்ற பகுதியைப் புரட்டினால் அநேகமாக யமானே சூத்திரம்தான் இருக்கும். மொத்த எண்ணிக்கையைப் பிழை வரம்பின் வர்க்கத்தால் பெருக்கி, 1 கூட்டி, வந்ததைக் கொண்டு மொத்த எண்ணிக்கையை வகுக்க வேண்டும். 2,000 பேர், 5% பிழை என்றால் 334 பேரிடம் விசாரிக்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

என் ஓட்டு இன்னொரு சூத்திரமான காக்ரனுக்கு. 1.96-இன் வர்க்கம் (3.8416) × விகிதம் × (1 − விகிதம்) ÷ பிழையின் வர்க்கம். இதில் 1.96 என்பது 95% நம்பிக்கை அளவுக்கான எண்; விகிதம் என்பது தேடும் விஷயம் எத்தனை சதவீதம் பேரிடம் இருக்கும் என்ற முன்மதிப்பீடு. மொத்த எண்ணிக்கைக்கான திருத்தத்தையும் சேர்த்தால், யமானேயும் இதன் சுருக்கம்தான்: விகிதம் 50% என்றும், 1.96-க்குப் பதில் 2 என்றும் உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது. தேடும் விகிதம் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் இதனால் பெரிய நஷ்டமில்லை.

சிக்கல் அரிதான விஷயங்களில். 2,000 பெரியவர்கள் உள்ள ஊரில், முந்தைய ஆய்வின்படி சுமார் 5% பேருக்கு இருக்கக்கூடிய ஒரு பழக்கத்தை அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ±5% பிழைக்குக் காக்ரன் 73 பேர் போதும் என்கிறது. அதை நம்பிக் களத்தில் இறங்கக் கூடாது. விடை 0 முதல் 10% வரை என்று வரும். அதை வைத்து என்ன முடிவெடுக்க முடியும்? போதாததற்கு, 73-இல் 5% என்பது நாலு பேர்கூட இல்லை; சூத்திரம் நம்பியிருக்கும் இயல்நிலைப் பரவல் (மணி வடிவ வளைவு) என்ற அடிப்படையே அங்கே நிற்காது. ஆகவே பிழையை விகிதத்தோடு பொருத்தி ±2% ஆக்குங்கள். இப்போது 457. மொத்தமே 2,000 பேர்தான் என்பதற்கான திருத்தத்தைப் போட்டால் 372. இதே ±2%-ஐ யமானேயில் போட்டுப் பாருங்கள்: 1,112! மும்மடங்கு களப்பணி, மும்மடங்கு செலவு.

முந்தைய ஆய்வின் 5% தவறாக இருந்தால்? உண்மை 8% என்றால், 372 பேரில் பிழை சுமார் ±2.5% ஆகும், பெரிய சேதமில்லை. ஆய்வுகள் 5 முதல் 8% வரை என்று சொன்னால் 50-க்கு அருகில் இருக்கும் 8-ஐ எடுங்கள்: திருத்தத்துக்குப் பின் 523. முந்தைய ஆய்வே இல்லாதபோது 50% போடுவதில் தப்பில்லை.

இரண்டு சூத்திரமும் எளிய சமவாய்ப்பு மாதிரிக்குத்தான், அதாவது குலுக்கல் போல எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து ஆள் எடுக்கும்போதுதான். தெருத்தெருவாகக் கிளஸ்டர் (கொத்து) எடுத்தால் டிசைன் எஃபெக்டால், அதாவது ஒரே கொத்தில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதை ஈடுகட்டும் எண்ணால், பெருக்க வேண்டும். பலர் 2 போடுகிறார்கள். அது தோராயம்தான், எடுக்கும் விஷயத்தைப் பொறுத்து ரொம்பவே மாறும். பதில் தராதவர்களுக்காக 10% சேர்ப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. 372-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 410; அதில் 10% பேர் விலகினால் மிஞ்சுவது 369. 0.9-ஆல் வகுத்து 414 எடுங்கள். தசமம் வந்தால் எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும்.