முதல் வேலை, சென்னை: பிஜியா, வாடகை வீடா?

பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) பெட்டியோடு போய் இறங்கினால் போதும். கட்டில், சாப்பாடு, வைஃபை எல்லாம் ஒரே தொகையில். காலி செய்வதை ஒரு மாதம் முன்பே சொல்லாவிட்டால் பெரும்பாலும் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்தால் மாதச் செலவு குறையலாம். முதல் மாதம்தான் கையைக் கடிக்கும். அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், கேஸ் அடுப்பு, துடைப்பம் வரை வாங்க வேண்டும். (பாத்திரம் யார் கழுவுவது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.) தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இபி பில் 2 மாதத்துக்கு ஒருமுறை. சப்-மீட்டர் வைத்து ஓனர் தனி ரேட் போட்டால் இலவச யூனிட் சலுகை உங்கள் கைக்கு வராது. குடியேறும் அன்றே மீட்டர் ரீடிங், சுவர்க் கறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று அட்வான்ஸில் கை வைத்தால் காட்ட அதுதான் இருக்கும்.