ஜோங்காவுக்கு உசுரு குடுத்த பாளையங்கோட்டை பட்டறை

டேங்க் ஆசையெல்லாம் நமக்கு கட்டுபடியாவாது, ஆவடில செஞ்ச விஜயந்தாவ எங்கயாவது சிலையா நிக்கும்போது பாத்துக்கிட வேண்டியதுதான். மாமா மிலிட்டரி ஏலத்துல எடுத்து ஏழு வருசமா வேப்பமரத்தடில கெடந்த ஜோங்காங்கற மிலிட்டரி ஜீப்ப கயிறு கட்டி இந்த பட்டறைக்கு இழுத்துட்டு வந்தேன். ஜபல்பூர்ல நிசான் பேட்ரோல் டிசைன்ல செஞ்ச வண்டி, ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல் இன்ஜின், லேசுப்பட்டதுல்ல.

பட்டறை அண்ணாச்சி எடுத்த எடுப்புல செல்ஃப் (இன்ஜின ஸ்டார்ட் பண்ணுத மோட்டார்) அடிக்கல, அதுவே எனக்கு புடிச்சிது. பிளக்க கழத்தி ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஆயில் ஊத்தி ரெண்டு நாள் ஊற வச்சி பொறவு கையால சுத்தி பாத்தாவ, ஏன்னா பிஸ்டன் ரிங் சிலிண்டரோட ஒட்டியிருக்கும்போது செல்ஃப் அடிச்சா உள்ள கீறல் விழுந்துரும்லா. பழைய பெட்ரோல் வார்னிஷ் மாரி நாறிச்சி, கார்புரேட்டர முழுசா பிரிச்சி கழுவுனாவ. பிரேக் வீல் சிலிண்டர் நாலும் துரு, மாத்தியாச்சி.

கொறைன்னா தேதிதான். ஆனித் தேரோட்டத்துக்கு தாரேன்னு சொன்னவிய ஐப்பசி திருக்கல்யாணத்துக்குத்தான் தந்தாவ, கேட்டா "அடுத்த வாரம் வாங்க தம்பி". காசு விசயத்துல சுத்தம், கழத்துன பழைய சாமான பூரா சாக்குல கட்டி குடுத்துட்டாவ. வயரிங் மட்டும் ஒட்டு வேல, இடது ஹெட்லைட்டு இன்னும் மினுக்மினுக்குங்குது, அதுக்கு ஒரு ஸ்டார் கொறச்சிருக்கேன்.