டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: எடிட்டிங் கற்க இதில் தொடங்கலாமா?

வீடியோ எடிட்டிங் படிக்க எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டால் இப்போது பலரும் சொல்வது டாவின்சி ரிசால்வ். காசு கிடையாது, வாட்டர்மார்க் கிடையாது, முப்பது நாளில் முடிந்துபோகும் ட்ரையலும் கிடையாது. ஒரு காலத்தில் சினிமா லேப்கள் லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய கலர் கரெக்‌ஷன் சிஸ்டம் இது. 2009-ல் டா வின்சி சிஸ்டம்ஸை ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கிய பிறகுதான் சாதாரண கம்ப்யூட்டருக்கு இறங்கி வந்தது. காசு கட்டி வாங்கும் ஸ்டூடியோ பதிப்பின் விலை 295 டாலர். ஒருமுறை கட்டினால் போதும்.

இவ்வளவு இருந்தும், இறக்கிக்கொண்ட பலர் சில நாளிலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். வெட்டி ஒட்டுவதில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. கிளிப்பை உள்ளே இழுப்பதற்கு முன் கவனிக்க வேண்டிய மூன்று நான்கு விஷயங்களை விட்டுவிடுவதால்தான் பாதித் தொல்லை.

முதலில் கம்ப்யூட்டர். 16 ஜிபி ரேம், 4 ஜிபி மெமரியுள்ள தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் 1080பி வேலை நிம்மதியாக நடக்கும். 8 ஜிபி ரேம், தனி கார்டு இல்லாத லேப்டாப்பிலும் திறக்கும். ஆனால் இரண்டு எஃபெக்ட் போட்டதும் ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) மெமரி நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்து நின்றுவிடும். அந்த லேப்டாப்தான் கையில் இருக்கிறது என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ் என்ற இலவச எடிட்டர் போதும், ரிசால்வோடு மல்லுக்கட்ட வேண்டாம். லினக்ஸ்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: அங்கே இலவசப் பதிப்பு போன்கள் பதிவுசெய்யும் எச்.264, எச்.265 வகை வீடியோவைப் படிக்காது, ஏஏசி வகை ஒலியையும் எடுக்காது. போனில் எடுத்த ஒவ்வொரு கிளிப்பையும் டிஎன்எக்ஸ்எச்ஆர் வகை வீடியோ, பிசிஎம் வகை ஒலி என்று மாற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. புது ப்ராஜெக்ட் 24-ல்தான் திறக்கும். போன் கிளிப் 30-ல் இருக்கும். முதல் கிளிப்பை இழுத்ததும் ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை கிளிப்புக்கு ஏற்ப மாற்றவா என்று ஒரு பெட்டி கேட்கும். படிக்காமல் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால் நொடிக்கு ஆறு ஃப்ரேம் காணாமல் போகும். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிய இடமெல்லாம் தத்தித் தத்தி ஓடும். கிளிப் உள்ளே வந்த பிறகு செட்டிங்கில் போய்ப் பார்த்தால் அந்த இடம் சாம்பல் நிறமாகி மாற்ற முடியாமல் கிடக்கும். ஆகவே எதையும் இழுப்பதற்கு முன் ஷிஃப்ட் + 9 அழுத்தி ப்ராஜெக்ட் செட்டிங்கைத் திறந்து 1920 x 1080, 30 என்று வைத்துவிடுங்கள் (கேமரா 25-ல் எடுத்திருந்தால் 25). ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ப்ராஜெக்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. புதிய டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) உருவாக்கும்போது 'ப்ராஜெக்ட் செட்டிங்கைப் பயன்படுத்து' என்ற டிக்கை எடுத்தால், அந்த டைம்லைனுக்கு மட்டும் வேறு ஃப்ரேம் ரேட் கொடுக்கலாம்.

போன் காட்சிகளில் இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. போனும் சில ஸ்க்ரீன் ரெக்கார்டர்களும் ஃப்ரேம் ரேட்டை நிலையாக வைத்திருப்பதில்லை. வெளிச்சத்துக்கும் ப்ராசசர் சுமைக்கும் ஏற்ப ஏற்றி இறக்கும். நீளமான பேட்டியில் முதல் நிமிடம் சரியாக இருந்த உதடும் குரலும் போகப் போக விலகுவது இதனால்தான். டைம்லைனில் ஒலியை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்வது வீண் வேலை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் திறந்து, வீடியோ டேபில் ஃப்ரேம் ரேட்டை 30 என்றும், கீழே 'கான்ஸ்டன்ட்' என்றும், தரத்தை ஆர்எஃப் 18 என்றும் வைத்து மாற்றிய பிறகு உள்ளே எடுங்கள். படமே வராமல் ஒலி மட்டும் வந்தால் கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) சிக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் இதே மருந்துதான். ஐபோனில் கேமரா ஃபார்மட்டை 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' ஆக்கிவிட்டு எடுத்தால் எச்.264-லேயே பதிவாகும்.

இனி உள்ளே போகலாம். திரையின் அடியில் ஏழு பக்கங்கள் இருக்கும். முதலில் வெட்டுவதற்கு எடிட், வீடியோவை வெளியே எடுக்க டெலிவர், இந்த இரண்டையும் மட்டும் தொடுங்கள், கலர் பக்கம் பிறகு. கட் பக்கம் வேகமானதுதான், ஆனால் கை பழகியவர்களுக்கு. எஃபெக்ட் வேலைக்கான ஃப்யூஷன் பக்கம் இருப்பதையே இப்போதைக்கு மறந்துவிடலாம்.

எடிட் பக்கத்தில் ஜே, கே, எல் மூன்றும் பின்னோட்டம், நிறுத்தம், முன்னோட்டம். ஐ, ஓ இரண்டும் தொடக்கம், முடிவு குறிக்க. கண்ட்ரோல் + பி நிற்கும் இடத்தில் வெட்டும். பேக்ஸ்பேஸும் டெலீட்டும் இங்கே ஒன்றல்ல: பேக்ஸ்பேஸ் துண்டை எடுத்துவிட்டு இடைவெளியை அப்படியே விடும், டெலீட் இடைவெளியையும் மூடி, பின்னால் இருப்பதை இழுத்து வரும். கீழே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் டெலீட்டைத் தட்டினால் ஒத்திசைவு குலைந்துபோகலாம். பாட்டு டிராக்கைப் பூட்டு ஐகானால் பூட்டிவிட்டு வெட்டுவது நல்ல பழக்கம்.

டிரான்சிஷன் (ஒரு காட்சியிலிருந்து அடுத்ததுக்கு மாறும் எஃபெக்ட்) விழ மறுப்பது அடுத்த பொதுப் புகார். ஒரு நொடி டிசால்வ் (ஒன்று கரைந்து மற்றொன்று தோன்றுவது) வேண்டுமென்றால் வெட்டிய இடத்துக்கு அப்பால் இரு கிளிப்பிலும் அரை நொடியாவது உபரிக் காட்சி இருக்க வேண்டும். கிளிப்பை நுனிவரை பயன்படுத்திவிட்டால் எதை வைத்துக் கலக்கும்? இரு பக்கமும் பதினைந்து ஃப்ரேமாவது குறைத்துவிட்டு மறுபடி போடுங்கள், விழும்.

தமிழில் டைட்டில் போடுபவர்கள் முதலில் 'கொண்டோம்' என்று ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள். பழைய பதிப்புகளில் டெக்ஸ்ட் பிளஸ் என்ற டைட்டில் வகையில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். அப்படி விழுந்தால் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது சாதாரண டெக்ஸ்ட் டைட்டிலை முயன்று பார்க்க வேண்டும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா யூஐ போன்ற யூனிகோடாக இருக்கட்டும். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் வேண்டும் என்பவர்கள் யூனிகோட் வரியை அதற்கான கன்வெர்ட்டரில் மாற்றித்தான் ஒட்ட வேண்டும். எழுத்துருப் பெயரை மட்டும் மாற்றினால் நடக்காது. எஸ்ஆர்டி ஃபைலாகச் சேர்க்கும் சப்டைட்டில் என்றால் பாமினி பேச்சே வேண்டாம், யூடிஎஃப்-8-ல் சேமித்த யூனிகோட் மட்டும்.

ஒலியில் குரலின் உச்சம் -12-க்கும் -6 டெசிபெலுக்கும் நடுவில் ஆடினால் போதும். பின்னணி இசையைக் குரலுக்கு வெகு கீழே, -25-க்கும் கீழாக வையுங்கள். நம் கல்யாண வீடியோக்களில் நாதஸ்வரம் குரலை விழுங்குவதற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கலர் பக்கத்தில்தான் ரிசால்வின் உண்மையான பலம். ஆனால் தொடக்கத்தில் மூன்று வேலை போதும்: வெளிச்சம், பிறகு ஒயிட் பேலன்ஸ், கடைசியாக சாச்சுரேஷன் (நிறச் செறிவு). நிறங்களைக் காட்டும் வட்ட வரைபடமான வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்போ மாநிறமோ சிவப்போ, எந்தத் தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டை ஒட்டியே விழும். வேறுபடுவது வெளிச்சமும் செறிவும்தான். முகத்தை வெளுப்பாக்க கெயினை (பிரகாசமான பகுதிகளின் வெளிச்சத்தை) ஏற்றிப் பட்டுப்புடவையின் ஜரிகையை வெள்ளைத் திட்டாக்குவது கலர் கரெக்‌ஷன் ஆகாது.

ரெண்டரில், அதாவது டெலிவர் பக்கத்தில் முடிந்த வீடியோவை வெளியே எடுக்கும்போது, இரண்டு இடத்தில் சறுக்கும். 'ஆட் டு ரெண்டர் க்யூ' அழுத்தினால் வரிசையில்தான் சேரும். வலது பக்கம் 'ரெண்டர் ஆல்' அழுத்தினால்தான் ஓடும். பத்து நிமிட வீடியோ நாற்பது நொடியாக வந்தால், டைம்லைனில் எப்போதோ ஐ, ஓ குறி விழுந்திருக்கிறது. 'என்டயர் டைம்லைன்' என்று மாற்றுங்கள். யூடியூபுக்கு 1080பி, 30 ஃப்ரேம் என்றால் எச்.264, நொடிக்கு 8 மெகாபிட் என்பது யூடியூபே சொல்லும் அளவு. 12 வைத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

ப்ராஜெக்ட் தனி ஃபைலாக ஃபோல்டரில் இருக்காது, ரிசால்வின் சொந்த லைப்ரரிக்குள் இருக்கும். விண்டோஸை ஃபார்மட் செய்தால் கிளிப்புகள் வேறு டிரைவில் பத்திரமாக இருந்தாலும் வெட்டிய வேலை போய்விடும். ப்ராஜெக்ட் மேனேஜரில் வலது கிளிக் செய்து ஆர்க்கைவாக ஏற்றுமதி செய்தால் கிளிப்புகளோடு சேர்த்து ஒரே இடத்தில் எடுத்து வைக்கலாம்.

ஸ்டூடியோ வாங்க வேண்டுமா? கற்பவர்களுக்குத் தேவையில்லை. இலவசத்திலேயே 4கே, நொடிக்கு 60 ஃப்ரேம் வரை எடுக்கலாம். மிரர்லெஸ் கேமராவில் 10-பிட் 4:2:2 என்ற, அதிக நிறத் தகவல் கொண்ட முறையில் எடுப்பவர்களுக்கு விண்டோஸில் இலவசப் பதிப்பு பெரும்பாலும் கைவிரித்துவிடும். மங்கலான மண்டப வெளிச்சத்தில் எடுத்த புள்ளி புள்ளியான காட்சியைச் சுத்தம் செய்யும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஸ்டூடியோவில்தான். இந்த இரண்டில் ஒன்று தினசரி வேலையாக ஆகும்போது 295 டாலரைக் கட்டலாம். ஒரு லைசென்ஸ் கீயை இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம்.