கரப்பான் உள்ள நான் போட்டுக்கொண்ட அம்மைத் தடுப்பூசி: இம்வானெக்ஸ்

பினாங்கு கெலுகோரைச் சேர்ந்தவள் நான். ஆய்வகப் பணி. பயிற்சிக்காக ஜெர்மனிக்குப் போயிருந்தபோது பெரியம்மை வைரஸின் உறவான வாக்சினியா வைரஸைக் கையாள வேண்டியிருந்ததால், முதலில் பெரியம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள் என்றார்கள். எனக்குச் சிறு வயதிலிருந்தே முழங்கை மடிப்புகளில் கரப்பான் (எக்ஸிமா). பழைய தடுப்பூசியாக இருந்திருந்தால் என் தோலைப் பார்த்ததுமே மறுத்திருப்பார்கள். அங்கே போட்டது இம்வானெக்ஸ். இரண்டு தவணையும் முடித்து ஊர் திரும்பிவிட்டேன். தோல் நோய் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அம்மைத் தடுப்பூசி இன்று இல்லை என்பது என் முடிவு.

பழைய முறை எப்படிப்பட்டது என்பதற்கு என் அம்மாவின் தோளே சாட்சி. நிபோங் தெபால் தோட்டத்தில் பிறந்தவர். அம்மை குத்திய வட்டத் தழும்பு இன்றும் பளிச்சென்று தெரிகிறது. இரட்டை முனை ஊசியால் தோலில் பல முறை குத்துவார்கள். உயிருள்ள வாக்சினியா வைரஸ் அந்த இடத்தில் பெருகிப் புண்ணாகி, பொருக்கு கட்டி, வாரக்கணக்கில் ஆறும். பெரியம்மையை ஒழித்தது இந்த முறைதான். 1977இல் சோமாலியாவில் இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி கண்டறியப்பட்டார், 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒழிப்பை அறிவித்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கரப்பான் தோலில் அதே வைரஸ் குத்திய இடத்தோடு நிற்காமல் உடல் முழுக்கப் பரவி உயிரையே பறிக்கலாம். போட்டுக்கொண்டவரின் புண்ணிலிருந்து வீட்டிலுள்ள கரப்பான் குழந்தைக்கும் தொற்றலாம். அமெரிக்காவில் 2007இல் அனுமதி பெற்ற ஏகாம் 2000 தடுப்பூசியும் பெருகும் வைரஸைக் கொண்டதுதான். அதை முதன்முறை போட்டுக்கொள்பவர்களில் ஏறத்தாழ 175 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இதய அழற்சி காணப்பட்டது.

இம்வானெக்ஸில் இருப்பதும் வாக்சினியாதான், ஆனால் மரபணுக்கள் உதிர்ந்த வாக்சினியா. அங்காராவிலிருந்து வந்த ஒரு வகையை மியூனிக்கில் ஆன்டன் மாயர் என்ற ஆய்வாளர் கோழிக்கரு உயிரணுக்களில் 570 முறைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். கோழியின் உயிரணுக்களில் வாழத் தேவைப்படாத பகுதிகளை வைரஸ் இழந்துகொண்டே வந்தது. மரபணுத் தொகுதியில் சுமார் 15 சதவீதம் போய்விட்டது. பெரிய இழப்புகள் மட்டும் ஆறு இடங்களில். நமது நோயெதிர்ப்பு மண்டலம் அனுப்பும் இன்டர்ஃபெரான் சமிக்ஞைகளை இடைமறிக்கும் புரதங்களுக்கான மரபணுக்களும் அவற்றில் அடங்கும். எனவே மனித உயிரணுவுக்குள் நுழைந்தாலும் இந்த வைரஸ் தன் புரதங்களை உற்பத்தி செய்யுமே தவிர, அவற்றை முழுத் துகளாகக் கோத்துமுடிக்க அதனால் முடியாது. உடல் எதிரியின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறது, எதிரியோ பெருகுவதில்லை. எழுபதுகளில் ஜெர்மனியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போடப்பட்ட வகை இது. இன்றைய தயாரிப்பு அதன் வழிவந்தது.

ஜப்பானின் எல்சி16எம்8 தடுப்பூசியையும் ஒப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். முயல் சிறுநீரக உயிரணுக்களில் 30 டிகிரி வெப்பத்தில் வளர்த்து எடுத்தது. 1975இல் அனுமதி பெற்றது. ஒரே தவணை போதும், குழந்தைகளுக்கும் நிறையப் போட்டிருக்கிறார்கள். வைரஸ் உடலுக்குள் பரவ உதவும் வெளியுறைப் புரதத்தின் மரபணு, பி5ஆர், அதில் சிதைந்திருக்கிறது. என் தயக்கம் இங்கேதான்: சிதைவுக்குக் காரணம் மரபணுக் குறியீட்டில் ஓர் எழுத்துப் பிசகு மட்டுமே, ஆகவே வளர்க்கும்போது அந்த மரபணு மீண்டும் செயல்படும் வடிவங்கள் தலைகாட்டலாம். இதை உணர்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் பி5ஆர் மரபணுவை அடியோடு நீக்கிய வடிவத்தை உருவாக்கி 2005இல் வெளியிட்டார்கள். எனக்கு அந்தப் பாதைதான் சரியாகப் படுகிறது. கெட்டுப்போன மரபணு திருந்திவிடலாம்; இல்லாத மரபணு எங்கிருந்து வரும்?

இனி குறைகள். தோலுக்கடியில் அரை மில்லி ஊசி, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. அவசர காலத்தில் இந்த இடைவெளி பெரிய சுமை. உறைகுளிரில் வைத்துக் காக்க வேண்டிய மருந்து என்பதால் சிறிய கிளினிக்குகளுக்கு எளிதல்ல. கரப்பான் உள்ளவர்களுக்கு வலியும் களைப்பும் சற்றுக் கூடுதலாக வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அப்படியே வந்தது: ஊசி போட்ட இடம் சிவந்து தடித்து அரித்தது, தலைவலி இருந்தது. முழங்கை மடிப்பில் மட்டும் புதிதாக எதுவும் கிளம்பவில்லை. நான் பயந்ததே அதற்குத்தான்.

ஜெலுத்தோங்கில் இருக்கும் அக்காவின் கைக்குழந்தைக்கும் கன்னமெல்லாம் கரப்பான். பழைய ஊசி போட்டிருந்தால் பொருக்கு விழும்வரை அந்த வீட்டுப் பக்கமே போயிருக்க மாட்டேன். இப்போதோ விமான நிலையத்திலிருந்து நேராகப் போய்த் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

அம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "தழும்பே விழவில்லையே அம்மா, சரியாகத்தான் குத்தினார்களா?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் காலத்தில் புண் வந்தால்தான் ஊசி பிடித்தது என்று பொருள். இதில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிட்டால் போட்டதற்கு வேறு அத்தாட்சி கிடையாது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாக்சினியாவோடு தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறையாவது ஊக்கத் தவணை வேண்டும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. அதே குடும்பத்தைச் சேர்ந்த குரங்கம்மை வைரஸைக் கையாள்பவர்களுக்கு அது 2 ஆண்டு.