பெற்றோரை வெளிநாடு அனுப்புபவர்கள் கவனிக்க: ஊட்டி ஏஜெண்ட் ஒருவர் எங்களுக்குச் செய்தது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பேரப்பிள்ளை பிறப்பைப் பார்க்க அமெரிக்கா போகிற அப்பா அம்மாக்கள் இப்போது அதிகம். டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் நாங்களே முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் ஏஜெண்டுகளும் அதிகம். அப்படி ஒருவர் எங்களை என்ன செய்தார் என்பதை எழுதுகிறேன், அடுத்த குடும்பமாவது தப்பிக்கட்டும்.

அக்காவின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் நியூஜெர்சி போனார்கள். அப்பாவுக்கு பிரஷரும் சுகரும் பல வருடமாக உண்டு. ஏஜெண்ட் ஆபீசில் அப்பாவே மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார், நானும் பக்கத்தில் இருந்தேன். "எல்லாம் கவர் ஆகும் சார், ஒரு லட்சம் டாலர் ஃபேமிலி பிளான், ஆஸ்பத்திரியில கார்டைக் காட்டினாப் போதும்" என்றார் ஏஜெண்ட். பச்சைத் தேயிலை போட்டு வந்த காசைத்தான் அப்பா எண்ணிக் கொடுத்தார். கைக்கு வந்தது ஒரு கார்டும் ஒரு பக்கத் தாளும், அவ்வளவுதான்.

அங்கே ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சை அடைத்துத் தலை சுற்றியிருக்கிறது. அக்கா உடனே எமர்ஜென்சிக்குக் கொண்டு போனாள். அங்கே 1986 முதல் ஒரு சட்டம் இருக்கிறது, பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் அவசர நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும், அதனால் வாசலில் யாரும் தடுக்கவில்லை. அப்பா நல்லபடியாகத் திரும்பி வந்தார். பில்தான் அப்புறம் தபாலில் வந்துகொண்டே இருந்தது, ஆஸ்பத்திரிக்குத் தனி, டாக்டருக்குத் தனி.

கிளெய்ம் போட்டால் நிராகரித்துவிட்டார்கள். ஏற்கெனவே இருந்த நோயை மறைத்தீர்கள் என்று காரணம். நாங்கள் எதை மறைத்தோம்? விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. நோய் உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று இருக்கிறது. அப்பாவின் மொபைல் எண், ஈமெயில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுமே ஏஜெண்டுடையது, ஆக ஓடிபியும் அவருக்கே போயிருக்கிறது, முழு பாலிசியும் அவருக்கே போயிருக்கிறது. ஒரு லட்சம் டாலர் என்பதும் பேருக்குத்தான், 60 வயது தாண்டியவர்களுக்கு ரூம் வாடகை, டாக்டர் ஃபீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உச்சவரம்பு போட்டிருந்தது. பாலிசியில் அச்சாகியிருந்த பிரீமியத்தைவிட அதிகமாக எங்களிடம் வாங்கியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆள் இப்போது போனை எடுப்பதே இல்லை.

எனக்கு ஆறவே ஆறாதது எது என்றால், உண்மையை எழுதியிருந்தாலும் வழி இருந்தது. பழைய நோய் திடீரென்று உயிருக்கு ஆபத்தாக முற்றினால் அந்த அவசரச் செலவை மட்டும் ஏற்கிற பாலிசிகள் இருக்கின்றன, சிலவற்றில் வயது வரம்பும் உண்டு, பிரீமியம் கொஞ்சம் கூடும். அதை எங்களிடம் சொல்லியிருந்தால் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கட்டியிருப்பார். ஊருக்கு வந்த பிறகும் அக்காவுக்குப் பாரம் ஆகிவிட்டேனே என்றுதான் புலம்புகிறார்.

அதனால், விண்ணப்பத்தில் உங்கள் சொந்த எண்ணும் ஈமெயிலும் மட்டுமே இருக்கட்டும். ஓடிபி வந்தால், நோய் பற்றிய கேள்விகளுக்கு என்ன பதில் போட்டிருக்கிறது என்று திரையில் பார்க்காமல் சொல்லாதீர்கள். பூர்த்தி செய்த படிவத்தின் நகலைப் பயணத்துக்கு முன்பே கேளுங்கள், அது இலவசமாகவே நமக்குத் தர வேண்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்கு உடனே சொல்லிவிட வேண்டும், வெறும் கார்டு போதாது. பில் வந்துவிட்டதா, எதற்கு எவ்வளவு என்று பிரித்த விவரம் கேளுங்கள், இன்சூரன்ஸ் இல்லாதவருக்கான தள்ளுபடியையும் கேளுங்கள். அக்கா கேட்டதால் ஓரளவு குறைந்தது.

நாங்கள் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் கம்பெனி மேலான புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆன்லைனிலும் போடலாம் என்பதால் அப்பாவை மலை இறக்கி அலைய வைக்கவில்லை. எங்கள் மனு இப்போது அங்கே இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும் பதிந்திருக்கிறோம்.

ஊட்டியில் இதே மாதிரி ஏஜெண்டின் எண்ணையே போட்டு எடுத்துக் கொடுத்த பாலிசி உங்கள் வீட்டிலும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கலாம்.