படகு உறைக்கு பிரஸ் பட்டனா, எடைப் பையா?

டிரெய்லரில் நிற்கும் படகென்றால் உறையின் பட்டையை அடிப்பக்கமாகச் சுற்றி இறுக்கிவிடலாம். தண்ணீரில் மிதக்கும் படகுக்கு அது லேசில் நடக்காது. கொச்சியின் போல்காட்டி தீவு மரீனா (படகு நிறுத்துமிடம்) மாதிரி, உப்புக்காற்றும் பருவமழையும் சேர்ந்து அடிக்கும் இடத்தில் ஃபைபர் படகை நிறுத்துகிறவர்கள் உறையைப் பிடித்து வைக்கப் பெரும்பாலும் பிரஸ் பட்டன், எடைப் பை இரண்டில் ஒன்றைத்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

எடைப் பைக்காகப் படகில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். உறையின் ஓர வளையங்களில் கட்டித் தொங்கவிட்டால் சரி. ஆனால் காற்றில் ஆடும், பக்கவாட்டில் உரசிப் பளபளப்பைக் கெடுக்கும். தண்ணீர் நிரப்பிய பை என்றால் இன்னொரு கவனம் தேவை: அது நீருக்குள் மூழ்கிவிட்டால் உறையை இழுத்துப் பிடிக்கும் எடை ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். மணல் பை அந்த விஷயத்தில் தேவலை.

பிரஸ் பட்டன் ஓரம் முழுக்கப் பிடித்துக்கொள்வதால் காற்று உள்ளே புகுந்து உறையைத் தூக்குவது கடினம். உப்புக்காற்றில் எளிதில் துருப்பிடிக்காத 316 ரக எவர்சில்வரில் வாங்குங்கள். பட்டனைப் பொருத்தப் படகில் போடும் ஒவ்வொரு துளையிலும் படகுக்கான சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) பூசியே ஆக வேண்டும். இல்லையென்றால் ஃபைபருக்கு உள்ளே இருக்கும் மரத்தில் நீர் இறங்கி அது உளுத்துப்போகும். கழற்றும்போது பட்டனை ஒட்டியே பிடித்துத் தூக்குங்கள். தள்ளிப் பிடித்து இழுத்தால் துணி கிழியும்.

சொந்தப் படகென்றால் என் ஓட்டு பட்டனுக்குத்தான். வாடகைப் படகுக்குப் பை போதும். எதுவானாலும் நடுவில் கம்பு கொடுத்து உறையைச் சரிவாக்குங்கள். ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. மழைநீர் தேங்கினாலே 50 கிலோ. அதை இரண்டு முறையாலும் தாங்க முடியாது.